லினோவில் ஆலைப் புகை: ரிவியேர் பாணியில் ஒரு முயற்சி

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரிவியேரின் 'ஈஃபெல் கோபுரத்தின் 36 காட்சிகள்' 1902இல் வந்த லித்தோ (கல்லில் வரைந்து அச்சிடும் படம்) தொகுப்பு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைக் காட்சிகளைப் பார்த்துப் பிறந்த யோசனை. பெயரில்தான் கோபுரம், பல படங்களில் அது எங்கோ பின்னால் ஒல்லியாக நிற்கும். ஒரு படத்தில் அதன் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கிறார் ஒருவர். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அந்தப் பாணியில், அந்தக் காலத்து ழாவெல் கரையை, அதாவது பாரிஸில் சேன் ஆற்றோரம் இருக்கும் பகுதியை, லினோவில் (அச்சுக்காகச் செதுக்கும் லினோலியம் தகடு) செதுக்கிக்கொண்டிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டிலேயே ரசாயன ஆலை வந்த இடம். துணி வெளுக்கும் 'ழாவெல் நீர்' அங்கே உருவானதுதான். பின்னாளில் கார் செய்த சித்ரோயன் ஆலை 1915இல்தான் வந்தது, அதனால் என் படத்தில் கிடையாது. புகைபோக்கிகள், கூரைகள், ஒரு சரக்குப் படகு, தூரத்தில் கோபுரம், அவ்வளவுதான்.

ரிவியேர் ஐந்து நிறங்களில் அச்சிட்டார். நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்: பழங்காகித நிறம், வெளிர் சாம்பல், நீலச் சாம்பல், அடர் பழுப்பு. கறுப்பு வேண்டாம், அது வந்தால் புகைபோக்கி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

நேரத்தையெல்லாம் விழுங்கியது புகைதான். பழைய மரச்செதுக்கல்காரர்கள் மாதிரி மெல்லிய வளைகோடுகளாக வெட்டிப் பார்த்தேன். சிக்கெடுக்காத தலைமுடி போல வந்தது. கோடுகளைக் கைவிட்டு, புகை முழுவதையும் ஒரே தட்டையான வடிவமாக வைத்தேன். அடி விளிம்பு கூர்மை. மேல் விளிம்பு கரைய வேண்டும். அதற்குக் கண்ணாடிப் பலகையின் ஒரு பக்கம் சாம்பல் மையும் மறுபக்கம் நிறமில்லாத மையும் வைத்து, உருளையை ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினால் நடுவில் இரண்டும் கலந்து நிறம் படிப்படியாகத் தேய்கிறது.

என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை. கரண்டியின் முதுகால்தான் தேய்க்கிறேன். புகை இருக்கும் இடத்தில் மட்டும் கையை லேசாக விட்டால் மை முழுதாகப் பிடிக்காமல் காகிதத்தின் சொரசொரப்பு தெரிகிறது. லித்தோ கல்லில் கிரேயான் விட்டுச்செல்லும் பொரிப்பொரியான தடத்துக்கு அது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

புகை கோபுரத்தை மறைக்கும் இடத்தில் கோபுரத்தின் கோடுகளை அப்படியே வெட்டி எறிந்துவிட்டேன். மேலேயும் கீழேயும் தெரிவதை வைத்துக் கண்ணே நடுப்பகுதியை நிரப்பிக்கொள்கிறது.

பாக்கி பழுப்புத் தகடு. புகைபோக்கியில் செங்கல் வரிகள் வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். வெளிச்சம் படும் பக்கம் ஒரு வெளிர் விளிம்பு போதும். நீலச் சாம்பல் மை காய்ந்ததும் இந்தப் பழுப்புத் தகட்டை வெட்ட வேண்டும்.