பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கு லேப்டாப் பேனல் தேடிய அனுபவம்

வீட்டில் புரொஜெக்டர் செய்ய இறங்குகிறவர்கள் பலர் முதலில் எல்சிடி பேனலை வாங்குகிறார்கள். திரையின் பின்விளக்கைக் கழற்றிவிட்டு, பேனல் வழியாகப் பலமான ஒளியைப் பாய்ச்சி, லென்ஸால் சுவரில் படம் விழச் செய்வதுதான் வேலை. நான் லென்ஸிலிருந்து தொடங்கினேன். பேனல் எங்கும் கிடைக்கும். நல்ல ஃப்ரெனல் லென்ஸும் (ஒளியைக் குவிக்கும், வரிவரியான தட்டைத் தாள்) அதற்குப் பொருந்தும் முகப்பு லென்ஸும் (படத்தைச் சுவரில் விழவைப்பது) அப்படிக் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் தாளில் எழுதியதைச் சுவரில் காட்ட வைத்திருந்து கல்லூரிகள் கழித்துப்போட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டர்கள் இன்னமும் காயலான் கடைகளுக்கு வருகின்றன. அப்படி வந்த ஒன்றை எடைக்கு வாங்கினேன். இரண்டு லென்ஸும், மேலே ஒளியைச் சுவருக்குத் திருப்பும் முகம் பார்க்கும் வகைக் கண்ணாடியும், பெட்டியும் அதிலேயே இருக்கின்றன. இது புதிய யோசனையும் இல்லை. கணினிப் படத்தைக் காட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் வைக்கும் எல்சிடி தகடுகள் 1980களின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். விளக்கு கீழே பெட்டிக்குள் இருக்க வேண்டும். விளக்கு மேலே தலைப்பகுதியில் இருக்கும் மடக்கு வகை இதற்கு ஆகாது. அதில் ஒளி கீழ்த்தட்டில் பட்டுத் திரும்பி மேலே வரும், அதாவது பேனலை இரண்டு முறை கடக்கும். படம் இருண்டுபோகும், இரட்டையாகவும் தெரியும்.

பேனலின் அளவை முடிவு செய்தது இந்தப் பெட்டிதான். என்னுடையதன் மேல்தட்டு 285 மில்லிமீட்டர் சதுரம். எல்லோரும் சொல்லும் 15.4 அங்குல லேப்டாப் பேனலின் காட்சிப் பரப்பு 331 × 207 மி.மீ. இரு பக்கமும் தட்டுக்கு வெளியே நிற்கும். 15 அங்குலச் சதுர வகையும் 304 மி.மீ. அகலம். 13.3 அங்குல அகலத்திரை 286 மி.மீ. வரும், கிட்டத்தட்ட சரி. ஆனால் ஃப்ரெனலின் ஓரங்களில் ஒளி குறைவு. 12.1 அங்குல அகலத்திரை 261 × 163 மி.மீ., 1280 × 800 புள்ளிகள். தட்டுக்குள் அடங்கி, நான்கு பக்கமும் இடம் விடுகிறது. அதையே தேடுவது என்று முடிவு செய்தேன். சிறிய பேனல் என்பதால் இழப்பு எதுவும் இல்லை. 80 அங்குலப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 1.35 மி.மீ. வரும், எட்டடி தள்ளி உட்கார்ந்தால் உறுத்தாது.

"அப்படியானால் 5.5 அங்குல செல்போன் பேனல் போடலாமே, 2560 × 1440 கிடைக்கிறதே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எல்சிடியில் எத்தனை ஒளி வெளியே வருகிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பின்பக்கத் தாளான போலரைசர் பாதிக்கு மேல் தின்றுவிடும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மீதியில் மூன்றில் இரண்டு பங்கை நிறுத்தும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் இன்னும் கொஞ்சத்தை மறைக்கும். 100 பங்கு உள்ளே போனால் ஏழெட்டுப் பங்குதான் மறுபக்கம் வரும். புள்ளிகள் நெருங்க நெருங்க, கம்பி மறைக்கும் விகிதம் கூடும். அந்த ஏழெட்டும் குறையும். தவிர, 100 வாட் எல்இடி சிப்பின் ஒளிரும் பரப்பே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். அத்தனை ஒளியையும் அவ்வளவு சிறிய கண்ணாடி வழியாக ஒழுங்காகச் செலுத்துவது கடினம். அந்தப் பேனல்கள் ரெசின் 3டி பிரிண்டருக்குப் பிரமாதம்; இதற்கு வேண்டாம்.

அடுத்தது, எல்சிடி வகைகளில் டிஎன்னா, ஐபிஎஸ்ஸா. திரையாகப் பார்ப்பதற்கு ஐபிஎஸ்தான் உயர்ந்தது. நமக்கு டிஎன்தான் வேண்டும். பொதுவாக அது கூடுதல் ஒளியை விடும். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும் என்பதுதான் அதன் மேல் உள்ள குறை. நம் பெட்டியில் ஒளி பேனலுக்கு நேராகப் பாய்வதால் அந்தக் குறைக்கு வேலையே இல்லை. ஓடும் திரையைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள், நிறங்கள் தலைகீழானால் டிஎன். கழற்றிய கண்ணாடியாக இருந்தால் இன்னும் சுலபம்: மின்சாரம் இல்லாதபோது டிஎன் ஒளியை விடும், ஐபிஎஸ் கறுப்பாக நிற்கும்.

மூன்றாவது, மேற்பரப்பு. டியூப்லைட் அதில் கூர்மையாகத் தெரிந்தால் பளபளப்பு வகை. மங்கலான பூச்சாகத் தெரிந்தால் சொரசொரப்பு வகை. அது ஒளியைச் சிதறடித்துப் படத்தின் கூர்மையைக் கெடுக்கும். பளபளப்பையே எடுங்கள்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே லேப்டாப் சர்வீஸ் கடைகளில் கழற்றிப் போட்ட பேனல்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். "அண்ணே, டிஸ்பிளே நல்லா இருக்கணும், பின்னாடி லைட் எரியலன்னாலும் பரவாயில்ல" என்றேன். "லைட் இல்லாத பேனல வெச்சு என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்று கேட்டவர், விஷயத்தைச் சொன்னதும் உள்ளிருந்து ஒரு கட்டே எடுத்துவந்தார்.

நம்முடைய பெரிய வசதி இதுதான். மற்றவர்கள் ஒதுக்கும் பேனல் நமக்கு உதவும். பின்விளக்கு செத்ததா, நல்லது, எப்படியும் கழற்றப் போகிறோம். திரையில் வெள்ளைத் திட்டுகளா, பெரும்பாலும் அவை பின்னால் உள்ள ஒளி பரப்பும் தாள்களில் விழுந்த அழுத்தத் தழும்புகள், தாளோடு போய்விடும். ஆனால் கோடு விழுந்த பேனலை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகளில் பழுது இருக்கும். அவை சாதாரண சால்டரிங்கால் சரியாகாது. விளக்கு எரியாத பேனலை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். கோடு இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பின்னால் உள்ள ஸ்டிக்கர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். பி121, எல்டிஎன்121, எல்பி121 என்று தொடங்குபவை எல்லாம் 12.1 அங்குலம். ஏயூஓ நிறுவனத்தின் பேனல்களில் அடுத்து ஈடபிள்யூ என்று வந்தால் 1280 × 800, எக்ஸ்ஜி என்றால் 1024 × 768.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது பின்னால் மடங்கியிருக்கும் சர்க்யூட் போர்டு. பேனலின் ஒரு நீள விளிம்பில் அது பட்டைகளால் தொங்கும். அப்படியே விரித்தால் கண்ணாடிக்கு வெளியே போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஒளியின் பாதையில் நிழலாக விழும். சில பழைய மானிட்டர் பேனல்களில் பக்க விளிம்பிலும் ஒரு போர்டு இருக்கும். இரண்டையும் ஒரு குட்டைக் கேபிள் இணைக்கும். விரித்தால் அது எட்டாது. கருப்பு டேப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். நான் எடுத்ததில் ஒரே போர்டு, ஒழுங்காக விரிந்தது.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. பழைய பேனல்களின் மெல்லிய குழல்விளக்கில் பாதரசம் உண்டு, உடைக்காமல் எடுங்கள். பட்டைகளை இழுக்காதீர்கள், போர்டைக் கையில் தாங்கியபடியே கண்ணாடியைத் தூக்குங்கள்.

படத்தைப் பேனலுக்கு அனுப்பும் கன்ட்ரோலர் போர்டைப் பேனலுக்குப் பிறகே வாங்கினேன். பேனல் எண்ணைச் சொன்னால் போர்டையும் பேனலையும் இணைக்கும் எல்விடிஎஸ் கேபிளும் புரோகிராமும் சேர்த்துத் தருவார்கள். பேனலுக்குப் போகும் வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று மட்டும் நீங்களே பாருங்கள். 12 வோல்ட்டில் வைத்து இயக்கினால் லேப்டாப் பேனல் அங்கேயே போய்விடும்.

ஹாலஜன் விளக்கை எடுத்துவிட்டு 100 வாட் எல்இடி சிப்பைப் பெரிய ஹீட்சிங்கோடு பொருத்தினேன். ஃப்ரெனல் இரண்டு தாள்களாக ஒட்டியிருந்தது. அவற்றைப் பிரித்து, நடுவில் பேனலை வைத்து, இரு பக்கமும் காற்றோட இடைவெளி விட்டேன். உள்ளே போகும் ஒளியில் பெரும்பங்கு பேனலிலேயே சூடாக மாறுகிறது, அதனால் விசிறி கட்டாயம். படத்தின் நடுவே கறுப்புத் திட்டு பரவினால் திரவப் படிகம் அளவு மீறிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்தால் ஆறியதும் தெளிந்துவிடும். போலரைசர் கருகினால் தெளியாது.

என் முகப்பு லென்ஸின் குவியத் தூரம் 315 மி.மீ. 80 அங்குலப் படத்துக்குப் பேனலிலிருந்து லென்ஸ் சுமார் 36 சென்டிமீட்டரிலும், லென்ஸிலிருந்து சுவர் சுமார் 2.4 மீட்டரிலும் நிற்கிறது. இருட்டிய அறையில் சினிமா தாராளமாகப் பார்க்கலாம். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் முடியாது. உங்கள் பெட்டியின் தட்டு 285 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், கடைக்குப் போகும் முன் ஃப்ரெனலை ஸ்கேலால் அளந்து, அந்த அகலத்தை எழுதி எடுத்துப் போங்கள்.