காசு கொடுத்து வாங்கிய காந்தல்

லீவுக்கு ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெட்டியைத் திறந்ததும் அம்மா கையில் எடுத்தது சாக்லேட்டை இல்லை, ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை. உள்ளே வட்ட வட்டமாக, பழுப்பு நிறத்தில், மொறமொறவென்று காய்ந்த சோறு. கொரியாவில் அதற்கு நுருங்ஜி என்று பெயர்.

"அடிப்பிடிச்ச சோறுதானேடி இது? இதுக்கா காசு குடுத்த? இதைச் சுரண்டித்தான் எனக்குக் கை கடுக்குது."

அம்மா சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காந்தலுக்கு ஒரு கதை இருக்கிறது.

தேஜொன் நகரில் மூன்று வருஷமாக ஆராய்ச்சி வேலை. போன புதிதில் என்னைப் படுத்தியது கிம்ச்சியோ காரமோ இல்லை, சோறு. புழுங்கலரிசியை வடித்து உதிரி உதிரியாகத் தின்று வளர்ந்த வாய் இது. அங்கே குட்டை அரிசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக வரும். எங்கள் வீட்டில் அப்படி வந்தால் "குழைஞ்சு போச்சு" என்று அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். பிபிம்பாப் என்று ஒன்று உண்டு. பிசைந்த சோறு என்றே அர்த்தம். ஆனால் ஸ்பூனால் பிசைய வேண்டும்! கையை வைத்துப் பாருங்கள், பக்கத்து மேசை மொத்தமும் திரும்பும்.

அடுத்த தொல்லை, மலை. அந்த நாட்டில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மலைதான். எல்லோரும் அழகு என்பார்கள். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து கண்ணை மறித்தால் எனக்கு மூச்சு முட்டியது. இதைச் சொன்னபோது லேபில் ஒரு அக்கா சிரித்துவிட்டு, "கிம்ஜேக்குப் போ" என்றார். வானம் தரையைத் தொடுவதைப் பார்க்கக்கூடிய இடம் என்று அந்த ஊருக்குப் பெயர். அந்தத் தொடுவானத்துக்கே வருஷா வருஷம் திருவிழா நடத்துகிறார்கள்.

அக்டோபர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை. சோதேஜொன் ஸ்டேஷனில் முகுங்வா ரயில் ஏறினேன். வேக ரயிலுக்கு நேர் எதிர் இது, நின்று நின்று போகும். முகுங்வா என்பது அவர்களுடைய தேசியப் பூவின் பெயர், நம் செம்பருத்திக்குச் சொந்தக்காரப் பூ. கிம்ஜேயில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனால், மஞ்சளாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"கதிர் சாஞ்சு நிக்குதே, இன்னும் ஏன் அறுக்கல? மழை கிழை வந்தா என்ன பண்ணுவாங்க?"

அங்கே பியோக்கொல்ஜே என்று ஒரு பழைய ஏரி. கி.பி. 330-இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். இப்போது கரையும், மதகின் கல் தூண்களும்தான் மிச்சம். "நம்ம கல்லணையில இன்னும் தண்ணி போகுதுல்ல?" என்றார் அப்பா. அவருக்கு அதில் தனிப் பெருமை.

அப்புறம் பசி. இரண்டு கடையில் "ஒரு ஆளுக்குப் போடமாட்டோம்" என்று திருப்பிவிட்டார்கள். பல கடைகளில் இந்த வழக்கம் உண்டு, குறைந்தது இரண்டு பேராவது வர வேண்டும். தனியாக வந்தவள் என்ன பாவம் செய்தாள்? மூன்றாவது கடையில் இருந்த அம்மா உட்காரச் சொன்னார். கடைக்கார அம்மாவை அங்கே 'இமோ' என்று கூப்பிடுவார்கள், அதாவது அம்மாவின் அக்கா தங்கை. தொட்டுக்கொள்ள மட்டும் பதிமூன்று கிண்ணம் வந்தது. கல்சட்டியில் கொதிக்கக் கொதிக்கச் சோறு. நான் சட்டியோடு சாப்பிடப் போக, இமோ தடுத்தார். சோற்றை வேறு கிண்ணத்துக்கு மாற்றி, சட்டியில் ஒட்டியிருந்த காந்தலில் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுப் போனார்.

கடைசியில் திறந்து குடித்தேன். புளிப்பில்லை, உப்பில்லை. ஆனால் விறகடுப்புச் சோற்றின் அதே வாசம். எங்கள் வீட்டு நீராகாரத்தைச் சூடாகக் குடித்த மாதிரி. மூக்கை உறிஞ்சினேன், இமோ காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா நெல்லுக்குப் போய்விட்டார். எழுபதுகளில் கொரியாவில் தோங்கில் என்று ஒரு ரகம் வந்தது. நம் பக்கத்து நீள அரிசியையும் அவர்கள் குட்டை அரிசியையும் ஒட்டி உண்டாக்கியது. விளைச்சல் கொட்டியது, ஆனால் ருசி பிடிக்கவில்லை என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். ஆடுதுறை 27-உம் அப்படிப்பட்ட கலப்புதான், ஜப்பான் நெல்லோடு சேர்த்தது. அறுபதுகளில் தஞ்சாவூர் ஜில்லா குறுவைக்கு வந்தது. "தாத்தா போட்டாரு. நல்லா கண்டுச்சு. ஆனா வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மூலையில பழைய ரகத்தை விடாம வச்சிருந்தாரு."

பாக்கெட்டை உடைத்து இரண்டு வில்லையை அம்மா கொதிக்கவிட்டாள். உப்பு போட்டு, ஆறியதும் மோர் ஊற்றி, மோர்மிளகாய் வறுத்து வைத்தாள். இமோ பார்த்தால் என்ன சொல்வாரோ. அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

நேற்று ராத்திரி அடுப்படியில் சோற்றுப் பானை தேய்க்காமல் இருந்தது. எடுத்துத் தேய்க்கப் போனேன்.

"அதை வை. வெந்நி ஊத்தியிருக்கேன், அப்பாவுக்கு" என்றாள் அம்மா.