மேட்டில் ஏறி உட்கார்ந்த அப்பா

நெல் மூட்டை ஏற்றிய வண்டியோடு அப்பா பெரும்பாலும் நடந்துதான் வருவார். மாட்டுக்கு எதற்கு வீண் பாரம் என்பது அவர் கட்சி. ஆனால் வாய்க்கால் கரை மேடு வந்ததும் நாலு எட்டில் ஓடி வண்டியின் முன்பகுதியான மூக்கணையில் தாவி உட்கார்ந்துகொள்வார். மாடுகள் நுரை தள்ள இழுக்கிற இடத்தில்தானா இவருக்குச் சவாரி வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். எட்டு வயதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "பின்பாரம்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பிளஸ் ஒன் வகுப்பில் திருப்பு விசை, அதாவது ஒரு பொருளைச் சுழற்றும் விசை, நடத்தினார்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சீசாவை வரைந்து, இந்தப் பக்கம் ராமு, அந்தப் பக்கம் சோமு என்றார். எங்கள் ஊரில் சீசா கிடையாது. விசையைத் தூரத்தால் பெருக்கி, மனப்பாடம் செய்து, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். தினமும் வாசலில் நின்ற வண்டி மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது, கொட்டகையில் கோழிகள் அடையும் அந்த வண்டியை அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். இருசிலிருந்து, அதாவது இரண்டு சக்கரங்களையும் கோக்கும் அச்சிலிருந்து, நுகத்தடிக்கு 9 அடி. மூக்கணைக்கு நாலரை அடி. சக்கரத்தின் உயரம் 5 அடி. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அதே 5 அடி.

இரட்டைச் சக்கர வண்டிக்கு இருசுதான் தராசு முள். மூட்டைகளின் மொத்த எடை நேராக அதன்மேல் விழுந்தால் மாட்டின் கழுத்தில் எதுவும் இறங்காது. சற்று முன்னே தள்ளினால் முன்பாரம், கழுத்து நோகும். பின்னே போனால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பும், கழுத்தைச் சுற்றி நுகத்தடியில் கட்டிய பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நுகத்தடி திமிலுக்கு முன்னால் பதிந்து உட்காராது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் வண்டிக்காரனின் தொழில் இருக்கிறது. அப்பா மூட்டைகளை அடுக்கி முடித்ததும், மாடு பூட்டுவதற்கு முன் நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு மூட்டையை அரை முழம் முன்னே நகர்த்துவார், அல்லது பின்னே. மறுபடி தூக்கிப் பார்ப்பார்.

75 கிலோ மூட்டை பத்து என்றால் 750 கிலோ. (வண்டியின் சொந்த எடையை விட்டுவிட்டேன், இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்க.) இந்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, இருசுக்கு 4 அங்குலம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 750ஐ 4ஆல் பெருக்கி, 9 அடிக்கான 108 அங்குலத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 28 கிலோ. இரண்டு மாடுகளுக்கும் சேர்த்துக் கழுத்தில் அவ்வளவுதான். அப்பா கையால் தூக்கிப் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது மேட்டுக்கு வருவோம். ஈர்ப்பு மையம் இருசின் மட்டத்திலா இருக்கிறது? மூட்டைகள் மேலே மேலே அடுக்கியவை; அது இருசுக்கு 2 அடி உயரத்தில் இருக்கும். ஆறடிக்கு ஓரடி ஏறும் சரிவில் வண்டி மல்லாக்கச் சாயும்போது, அந்த 24 அங்குல உயரம் ஈர்ப்பு மையத்தை 4 அங்குலம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. முன்னால் இருந்ததே 4 அங்குலம்தான். கழுத்தில் இருந்த 28 கிலோ அப்படியே மறைந்துபோகிறது. ஒரு கல் தட்டினால் போதும், நுகத்தடி எழும்பிவிடும். அந்த நேரத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாலரை அடி தள்ளி மூக்கணையில் உட்கார்ந்தால் கழுத்துக்கு 30 கிலோ திரும்பக் கிடைக்கும். அவரையும் சேர்த்து இழுக்க மாடுகள் கூடுதலாகப் பத்து கிலோ அளவுக்கு முக்க வேண்டும்தான். தொண்டை நெரிபடுவதைவிட அது மேல்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். கழுத்துப் பாரம் இரண்டு மடங்காகும். அப்பா இறங்கி, வண்டியின் பின்புறத்தைப் பிடித்துத் தொங்கியபடியே வருவார். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

சேற்றில் சிக்கினால் கூடவந்த ஆட்கள் வண்டியைத் தள்ள மாட்டார்கள், சக்கரத்தின் உச்சியைப் பிடித்து உருட்டுவார்கள். தரையில் பதிந்த இடத்திலிருந்து இருசு இரண்டரை அடி, உச்சி ஐந்தடி. ஆகவே பாதி பலம் போதும். இதற்கும் யாரும் சூத்திரம் எழுதிப் பார்க்கவில்லை.

வைக்கோல் பாரம் வேறு சங்கதி. எடை குறைவு, உயரம் அதிகம். மூட்டை ஏற்றிய வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து நாலரை அடி என்றால், ஒரு சக்கரம் மற்றதைவிட ஏறத்தாழ 2.4 அடி உயர்ந்தால்தான் கவிழும். வைக்கோலில் அது ஏழடிக்குப் போய்விட்டால் 1.7 அடியே போதும். இதுவும் அசையாமல் நிற்கும் வண்டிக்குத்தான். ஓடும் வண்டியில் பாரத்தைக் கட்டிய வடம் சற்றுத் தளர்ந்திருந்தால் வைக்கோல் சாய்கிற பக்கமே சரிந்து, மிச்சமிருக்கும் இடைவெளியையும் தின்றுவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படித்தான் கவிழ்ந்தது. நான் உச்சியில் படுத்திருந்தேன். இடது சக்கரம் கரையோரம் மண் சரிந்த பள்ளத்தில் இறங்கியது, வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு வாய் நிறைய வைக்கோல். எழுந்து பார்த்தால் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பு அரிவாளை எடுத்துப் பூட்டாங்கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தார். வண்டியை நுகத்தடியோடு இணைக்கும் நீள மரமான ஏர்க்கால் வண்டியோடு முறுக்கிக்கொண்டதில் நுகத்தடி செங்குத்தாகத் திரும்பி, ஒரு மாட்டின் கழுத்தை மேலே தூக்கி, மற்றதைத் தரையில் அழுத்தியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புகார் சொன்னேன். "அப்பா மாட்டைத்தான் முதலில் பார்த்தார்." அம்மா என் தலையிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தபடி, "உன் கழுத்தில் கயிறு இருந்ததா?" என்று கேட்டாள்.