காசநோய் மாத்திரை இலவசம்தான், ஆனால் அது மட்டும் போதவில்லை

இருமல் ஆரம்பித்தது 2023 சித்திரையில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். பஞ்சுத் தூசிக்கு நடுவில் இருமாத டெய்லர் யார்? முதல் மாதம் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் மாதம் தெருமுனை கிளினிக்கில் ‘டஸ்ட் அலர்ஜி’ என்றார்கள். டானிக், ஊசி, மறுபடியும் டானிக். மூன்று கிளினிக் ஏறி இறங்கியதில் ஏறக்குறைய 9,000 ரூபாய் போனது. எங்களுக்கு பீஸ் ரேட் கூலி. இருமிக்கொண்டே தைத்தால் சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் பாய் நனைகிற அளவுக்கு வியர்வை. 56 கிலோ இருந்தவன் 47க்கு வந்துவிட்டேன்.

கடைசியில் வழி சொன்னவர் மருந்துக்கடைக்காரர். “இதுக்கு மேல டானிக் தரமாட்டனுங்க. ஜி.எச்.ல போயி சளியக் குடுத்துட்டு வாங்க.”

அங்கே ஒரு மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தார்கள். அப்போதே ஒரு முறை, மறுநாள் காலை எழுந்ததும் ஒரு முறை, சளி எடுத்துக் கொடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, ஆழமாக இருமி எடுக்க வேண்டும் என்று லேப் பெண் செய்தே காட்டினார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். மறுநாளே முடிவு வந்தது: காசநோய். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனையும் அன்றே முடிந்தது. விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார்கள், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். காசநோய்ச் சாவுகளைக் குறைக்கத் தமிழ்நாடு 2022இல் தொடங்கிய திட்டத்தின்படி செய்கிற சோதனை அது என்று பிறகு தெரிந்தது. அதில் மோசமாக இருப்பவர்களை உடனே படுக்கையில் சேர்த்துவிடுவார்கள். நான் தப்பித்தேன்.

விஷயம் கேட்டதும் அம்மா அழுத அழுகை! “தாம்பரத்துக்குக் கொண்டு போயிருவாங்களா சாமி?” அம்மா தலைமுறைக்கு டி.பி. என்றாலே தாம்பரம் சானடோரியம்தான், காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் தங்கவைத்த ஆஸ்பத்திரி. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றபோது எனக்கே சந்தேகமாக இருந்தது. பத்துக்குப் பத்து லைன் வீடு, நாலு வயது மகள் வேறு. இதற்கான விடையைச் சென்னையில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். 1956இல் தொடங்கிய ஆய்வு அது. ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959இல் முடிவு வெளியானது. கட்டில் போட்டுக் கொடுக்கக் காசில்லாத நாடுகளுக்கெல்லாம் அதுதான் வழியானது. அந்த ஆய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். எடைக்குத் தகுந்த எண்ணிக்கை. எனக்குக் காலையில் வெறும் வயிற்றில் மூன்று. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பதறிவிட்டேன். முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. குமட்டல் இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது வாரத்தில் இருமல் அடங்கிப் பசி எடுத்தது. ஒரு மாதம் கழித்து மிஷினில் உட்கார்ந்தேன். இரண்டு மாத முடிவில் சளியில் கிருமி இல்லை, எடை 53. எடை கூடியதால் மாத்திரையும் நான்கானது!

வம்பு இங்கேதான் தொடங்கியது. உடம்பு தேறிவிட்டது, கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம், இரவு வேலை. மூன்றாம் மாதம் நான்கு நாள் மாத்திரை போடவில்லை. மறதி என்று சொன்னால் பொய். ‘அதுதான் சரியாயிருச்சே’ என்ற நினைப்பு.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஸ்கூட்டி நின்றது. காசநோய்ப் பிரிவு அக்கா. “ஏந் தம்பி, மாத்திரை போடறதில்லையாட்ட இருக்குது?” அட்டையை வாங்கி எண்ணினார். திட்டவில்லை. பாதியில் விட்டு, மருந்துக்கு மசியாத கிருமியாக மாறினால் சிகிச்சை எத்தனை நீளும், மாத்திரைகள் எவ்வளவு கடுமையாகும் என்பதை மட்டும் என் மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்றிலிருந்து மனைவி தண்ணீர்ச் செம்போடு முன்னால் நின்றாள்.

அந்த அக்காவுக்கு ஒப்பந்த வேலை. இலவச மாத்திரை என்று பேசும்போது யாரும் இவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைக் குணமாக்கியதில் பாதி அந்த ஸ்கூட்டியின் பெட்ரோல் என்பேன். மகளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோனியசிட் என்ற மருந்தைக் கொடுக்க ஏற்பாடு செய்தவரும் அவரே.

சிகிச்சை இல்லாமல் திரியும் ஒரு நோயாளி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்றவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்திருக்கிறது. கம்பெனியில் எங்கள் லைனில் நாற்பது பேர் தோளோடு தோள் உட்கார்ந்து தைக்கிறோம். எனக்காகச் செலவழித்ததை என் ஒருவன் பெயரில் எழுத முடியுமா, சொல்லுங்கள்.

ஒரே குறை, சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்காக அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம். அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கிவிட்டார்கள். வங்கிக் கணக்கில் என் இன்ஷியல் மாறியிருந்ததால் இழுத்துக்கொண்டே போனது. சாப்பாடு வேண்டியிருந்த மாதங்களில் கடனில்தான் முட்டை வாங்கினோம். கடைசிச் சளிப் பரிசோதனையும் முடிந்து, மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகு ஆறு மாதத்துக்குமான 3,000 ரூபாயும் மொத்தமாக வந்தது. முட்டைக்கடைப் பாக்கி போக மீதியில் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கினோம்.