மலைக்கும் கடலுக்கும் நடுவே வீடு பிடிக்கிறவர்களுக்கு

வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீரைக் கேளுங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

நெல்லைச் சீமையில் குடும்பத்தோடு நாலு நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட வள்ளியூர்ச் சுற்றுவட்டாரம் தோது. மலைப்பக்கம் திருக்குறுங்குடி 15 கிலோமீட்டருக்குள். கடல்பக்கம் உவரி 30 சொச்சம். ரயிலும் நிற்கும். கடலோரத்திலேயே வீடு வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, டீ வாயில் வைக்க வராது. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடுவதுதான் காரணம். பருப்பை ஊறவைப்பதும் வேகவைப்பதும் கேன் தண்ணீரில் இருக்கட்டும். குடிக்க, சமைக்க என்று எட்டுப் பேருக்கு நாளைக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு வேண்டும்.

மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் டேங்க் எத்தனை லிட்டர் என்றும் கேட்டுவிடுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் போடுகிற கணக்கு. அப்படிப் பார்த்தால் எட்டுப் பேருக்கு 1000 லிட்டர் டேங்க் ஒரு நாள்கூட முழுசாக வராது. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவதா என்று வந்த அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். தலையில் ஷாம்பு போட்ட பிறகு தேடுவதில் பயனில்லை.

சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஈரத்துணி போதும். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மேல்பாதி சீக்கிரம் காயும், கீழே ஈரம் நிற்கும். ஈரம் நிற்கிற மட்டம் வரைக்கும் கேஸ் திரவமாக இருக்கிறது. அடியில் நாலு விரல்தான் ஈரம் என்றால் அப்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடகை வீட்டுக் குக்கரை நம்பவேண்டாம். வாஷர் காய்ந்துபோய் பக்கவாட்டில் ஆவி போகும், விசில் வராது, அடி பிடிக்கும். வீட்டிலிருந்து 5 லிட்டர் குக்கர் ஒன்று, நல்ல கத்தி, தேங்காய் துருவி மூன்றும் வண்டியில் ஏறட்டும். அரிசி ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் கணக்கு. கடற்காற்றில் பசி கூடும், கால் பங்கு சேர்த்தே எடுங்கள்.

மீனுக்குக் காலையிலேயே உவரிப் பக்கம் போய்விடவேண்டும். கண் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, அமுக்கினால் குழி விழாமல் இருக்கவேண்டும். அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்குங்கள். செவுளையும் குடலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டால் நாய் வரும், மலையடிவாரமானால் காட்டுப்பன்றியும் வரும். தெர்மாகோல் பெட்டியில் மீனின் எடைக்குச் சரிக்குச் சரி ஐஸ் போடுங்கள். உருகின தண்ணீரில் மீன் மிதந்தால் சதை சவசவத்துப்போகும், அடியில் ஒரு ஓட்டை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வள்ளத்து மீன்தான், அதாவது நாட்டுப்படகில் பிடித்தது, விலையும் ஏறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மீனை மறந்துவிடுங்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்குச் சொதி வையுங்கள், ஊருக்கே உரிய பதார்த்தம். ஆறு பேருக்கு ரெண்டு பெரிய தேங்காய், 100 கிராம் பாசிப்பருப்பு. உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை ரெண்டாம் பாலில் வேகவிட்டு, வெந்த பருப்பும் அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் சேர்த்த பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடவேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தேங்காயை மின்சாரம் இருக்கும்போதே அரைத்துப் பால் எடுத்து வையுங்கள், இன்வெர்ட்டரில் பெரும்பாலும் மிக்சி ஓடாது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடாது. மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் அடுப்பு அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். சமைக்கும்போது அதைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். மலையடிவார வீடென்றால் சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை உண்டா என்று பாருங்கள். வெறும் கம்பிக்குள் குரங்கு கைவிட்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

மலைக்கோயிலுக்கும் அருவிக்கும் போகிற வழி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள், சோற்றை எவர்சில்வர் தூக்கில் கட்டுங்கள்.

கடலில் பிள்ளைகளை இறக்குவதற்கு முன் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காற்றே இல்லாத நாளிலும் தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிற அலை திடீரென்று எழும்பும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல் எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த நாளில் மலைப்பக்கம் போங்கள்.