வளவில் இறைச்சிக் கோழி: தீனும் கழிச்சலும்

எங்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து புறொய்லர், அதாவது இறைச்சிக் கோழிக் குஞ்சு வாங்கிக் கோடிப்பக்கம் வளர்க்காத வீடு குறைந்துகொண்டு வருகிறது. நல்ல விஷயம், சந்தோஷம்தான். ஆனால் சந்திக்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: கோழி கழியுது, என்ன மருந்து குடுக்கிறது? மருந்துக்கு முதல் நான் கேட்பது, என்ன தின்னக் குடுக்கிறீர்கள், தண்ணி எங்கே இருந்து வருகிறது, கூட்டுக்குள் நிலம் ஈரமா என்பதைத்தான். முக்கால்வாசி விடை அதற்குள் வந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் புறொய்லரை ஊர்க்கோழி மாதிரிப் பார்க்கிறார்கள். ஊர்க்கோழி வேலியோரம் கிண்டி, கறையான், புழு, புல்விதை என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடித் தின்னும், வீட்டில் போடுகிற பழஞ்சோறு அதற்கு மேலதிகம்தான். புறொய்லர் ஆறு கிழமையில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்தெடுத்து உருவாக்கின இனம், தீன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து தின்னும். அதற்குச் சோறும் குறுணலும் போட்டால் வயிறு நிறையும், ஆனால் அரிசியில் புரதம் ஏழெட்டு வீதம்தான். குஞ்சுக்கு முதல் இரண்டு கிழமை 22, 23 வீதம் வேண்டும், பிறகு 18 முதல் 20 வரை போதும். புரதம் குறைந்தால் இறகு ஒழுங்காக வராது, ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கும். வீட்டில் முட்டைக்கோழித் தீன் இருக்கிறது என்று அதைப் போடுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அதில் கல்சியம் மூன்றரை, நாலு வீதம், இறைச்சிக் கோழிக்கு ஒரு வீதமே போதும், மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, கழிச்சலுக்கு வருவோம். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "தம்பி, கோழி மண்ணிறமாக் கழியுது, ஒரே நாத்தம், வேப்பிலை அரைச்சுப் பருக்கட்டோ?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். மண்ணிறத்தில், பசை மாதிரி ஒட்டுகிற, மூக்கைப் பொத்த வைக்கிற எச்சம் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தது, மற்றதெல்லாம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தது. "ஒண்டும் குடுக்காதேங்கோ மாமி, இது வருத்தம் இல்லை" என்றேன். கோழிக்குக் குடலின் கடைசியில் இரண்டு குருட்டுக்குடல் இருக்கிறது, அது நாளுக்குச் சில தடவை தன்னைத் தனியாக வெறுமையாக்கும், அந்த எச்சம் அப்படித்தான் இருக்கும். வெள்ளைத் தொப்பி அதன் சிறுநீர், யூரிக் அமிலம். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று பசையாக இருந்தால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பயப்பட வேண்டியது வேறு. எச்சத்தில் இரத்தம், குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு மூலையில் நிற்பது, வயது மூன்று முதல் ஆறு கிழமை: இது அநேகமாக இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணிதான் காரணம். எச்சத்தோடு வெளியே வருகிற அதன் முட்டை, சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும், சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. ஆகவே கூட்டு நிலத்தில் பரப்பின உமி மாரிகாலத்தில் தண்ணிப் பேணியைச் சுற்றி நனைந்து கிடந்தால் அதுதான் முதல் எதிரி. ஒரு கைப்பிடி உமியை அள்ளிப் பொத்திப் பிடித்து விடுங்கள், உதிர்ந்தால் நல்லது, கட்டியாக நின்றால் அன்றைக்கே அள்ளி எறிந்து புதிது போடுங்கள். வந்துவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்டு அம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணியில் கொடுக்கலாம். அந்த நாட்களில் விற்றமின் பி1 சேர்ந்த சத்து மருந்தை நிறுத்துங்கள், இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டும். இன்னொன்று, இந்த ஒட்டுண்ணி குடலைப் புண்ணாக்கினால் பின்னால் கிளாஸ்ட்ரிடியம் என்ற பக்டீரியா புகுந்து குடலை அழுக வைக்கும், அது வந்தால் நேரம் தராது.

இனி கல். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு ஆதங்கம். கோழிக்குப் பல் இல்லை, அரவைப்பைதான் பல்லு, அதற்குள் கல் வேண்டும். பொடித்தீன் மட்டும் தின்கிற கோழிக்குக் கல் இல்லாமலும் சரிவரும். நெல்லு, சோளம், புல்லு என்று ஏதாவது போட்டால் கட்டாயம் வேண்டும். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், வளவில் கிண்டினால் வருவதும் அதுதான். சுண்ணாம்புக்கல்லும் சிப்பித்தூளும் வயிற்று அமிலத்தில் கரைந்துபோகும், அரைக்க உதவாது, மேலதிகக் கல்சியம்தான் உள்ளே போகும். வீடு கட்டுகிற இடத்தில் கருங்கல் சல்லித் தூள் கிடக்கும், அதை அரித்து, தூசி போகக் கழுவி, குஞ்சுக்கு அரிசிக் குறுணல் அளவிலும் வளர்ந்ததற்குப் பயறு அளவிலும் ஒரு சிரட்டையில் வையுங்கள், தனக்கு வேண்டிய அளவை அதுவே எடுக்கும்.

தண்ணியையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும், உப்புக் கூடினால் கோழி நிறையக் குடித்து, தண்ணியாகவே போகும், எந்த மருந்தும் அதை நிறுத்தாது. நல்ல தண்ணிக் கிணற்றில் இருந்து ஒரு வாளி கொண்டுவந்து இரண்டு நாள் கொடுத்தால் வித்தியாசம் தெரியும். கருவாட்டுத் தலையைக் கூட்டுக்குள் எறிவதும் இதே காரணத்தால் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் வளர்ந்த கோழிக்கு விடியவும் பின்னேரமும் தீன் வைத்து, பதினொரு மணியில் இருந்து மூன்று மணிவரை எடுத்துவிடுங்கள், தீன் செமிக்கும்போது உடம்பில் சூடு ஏறும். தண்ணி மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

விடியத் தீன் வைக்க முதல் கழுத்தடியில் வலப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், தின்றது முதலில் தங்குகிற தீன்பை வெறுமையாக இருக்க வேண்டும். கல்லு மாதிரி இறுகியிருந்தால் நீளப் புல்லோ நார்க்கயிறோ அடைத்திருக்கும், தளதளவென்று புளித்த மணம் வந்தால் பூஞ்சணம். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும்.

தீன் சாக்கை வெறும் சீமெந்து நிலத்தில் வைக்க வேண்டாம், பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களைக் கண்டால் மனம் கொதிக்கிறது. பூஞ்சணம் காயும், அது விட்ட அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு போகாது, அவித்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் இந்த நஞ்சு கலந்த கச்சான் பிண்ணாக்குத் தின்று ஒரு லட்சம் வான்கோழி செத்தது. ஐம்பது ரூபா மிச்சம் பிடிக்கப் போய் ஈரல் கெட்ட கோழியின் இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வெட்டுகிறதுக்கு எட்டுப் பத்து மணித்தியாலம் முதல் தீனை நிறுத்தி, தண்ணியை மட்டும் விடுங்கள், குடல் வெறுமையாகி இறைச்சி அழுக்குப்படாது. மருந்து கொடுத்திருந்தால் போத்தலில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியும்வரை வெட்ட வேண்டாம். அப்புறம், துப்புரவாக்கும்போது அவசரப்படாமல் உள்ளே பாருங்கள். ஈரல் கடும் மண்ணிறமாக இருக்க வேண்டும். மஞ்சளித்து, தொட உடைந்தால் தீன் சாக்கில் பூஞ்சணமோ என்று சந்தேகியுங்கள். குடல் தடித்து, வெளியால் சிவப்புப் புள்ளி தெரிந்தால் இரத்தக் கழிச்சல் மிச்சக் கோழிகளிலும் இருக்கலாம், உமியை அன்றைக்கே மாற்றி வைத்தியருக்குச் சொல்லுங்கள். அரவைப்பையைக் கீறி, உள்ளே கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கூட்டில் நிற்கிற மற்றதுகளுக்குச் சிரட்டையில் சல்லி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.