வீட்டில் கட்டும் மின்சைக்கிளுக்கு 36 வோல்ட்டே போதும்

சைக்கிள் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் 36 வோல்ட் ஹப் மோட்டாருக்கு 48 வோல்ட் பேட்டரி மாட்டினால் வேகம் ஏறும், அதில் சந்தேகமில்லை. 36 வோல்ட் பேட்டரி என்பது 10 லித்தியம் செல் வரிசை, முழு சார்ஜில் 42 வோல்ட். 48 வோல்ட் என்பது 13 செல் வரிசை, 54.6 வோல்ட். மோட்டார் சுழலும் வேகம் வோல்ட்டேஜை ஒட்டிப் போவதால், சுமையில்லாமல் 30 சதவீதம் கூடும். ரோட்டில் அத்தனையும் கிடைக்காது. 25 கி.மீ. வேகத்திலிருந்து 40-க்குப் போக, காற்றைத் தள்ளவே நான்கு மடங்கு பவர் வேண்டும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத் திறந்து, உருளை வடிவப் பெரிய கெப்பாசிட்டரைப் பாருங்கள். 50 வோல்ட் என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள், வெடித்துவிடும்.

அடுத்தது பிரேக். நல்ல பிரேக், காய்ந்த ரோடு, கை பிடிக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் 25-ல் வருகிற சைக்கிள் நிற்க சுமார் 12 மீட்டர் ஆகும். 40-ல் 24 மீட்டர். மழையில் நனைந்த ஸ்டீல் ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அலுமினிய ரிம், முடிந்தால் முன்னால் டிஸ்க், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவர் இரண்டு பக்கமும் வேண்டும். இதற்குச் செலவு செய்யாமல் பேட்டரியைப் பெரிதாக்குவதில் அர்த்தமில்லை.

பலர் கண்டுகொள்ளாத இடம் ஆக்சில், அதாவது சக்கரத்தின் அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னே சுழற்றும்போது ஆக்சிலைப் பின்னே திருப்பப் பார்க்கும். ஆக்சிலில் 10 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகச் சீவிய பகுதிதான், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆக்சில் உட்காரும் காடியின் சுவரில் முட்டி அதைத் தடுக்கிறது. காடி அரை மில்லிமீட்டர் தளர்வாக இருந்தாலும் த்ராட்டிலைத் திருகுகிற ஒவ்வொரு முறையும் ஆக்சில் அசையும், நட் இளகும், காடியின் வாய் விரியும். கடைசியில் ஆக்சிலே சுற்றி, அதன் வழியாக வரும் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபேஸ் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் கன்ட்ரோலரும் போச்சு. முன்சக்கர மோட்டாராக இருந்தால் சக்கரமே கழன்று வரும். அலுமினிய ஃபோர்க்கின் காடி வளையாது, சொல்லாமல் உடையும். முன்சக்கரத்தில் மாட்டுவதென்றால் ஸ்டீல் ஃபோர்க்தான். கூடவே ஆக்சில் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, ஃபோர்க் தண்டோடு இறுக்கிக் கட்டிய ஸ்டீல் டார்க் ஆர்ம் கட்டாயம். மோட்டாரையே பிரேக்காக்கி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ரீஜென் பிரேக் இருந்தால் ஆக்சில் இரண்டு திசையிலும் ஆடும், ஆகவே இரண்டு பக்கமும் போடுங்கள்.

பேட்டரிக்கு நாலு நாலு செல்லாக இணையாகச் சேர்த்த தொகுதிகள் பத்தை வரிசையாகக் கோர்த்தால் சரி, 2.5 ஆம்பியர்-அவர் புதுச் செல்கள் 40 போதும். 360 வாட்-அவர் வரும். 15 ஆம்பியர் கன்ட்ரோலர் கேட்கும்போது ஒரு செல்லுக்கு 3.75 ஆம்பியர்தான் விழும். பழைய லேப்டாப் செல்களைக் கலக்காதீர்கள். அவற்றின் உள்மின்தடை ஒன்றுபோல் இருக்காது. பலவீனமான தொகுதி முதலில் காலியாகி, முதலில் நிரம்பி, சூடாகும். செல்களைக் கண்காணித்து இணைப்பைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். பலகை இல்லாவிட்டால் அதைத் தடுக்க ஆளில்லை. செல்லில் நேரடியாக ஈயப்பற்று வைக்காமல் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே 20 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் இருக்கட்டும். சார்ஜ் போடுவது மாடிப்படிக்கு அடியிலோ படுக்கை அருகிலோ வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.

சட்டக் கணக்கும் 36 வோல்ட் பக்கம்தான். இந்தியாவில் மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய பவர் 250 வாட்டுக்கும் வேகம் 25 கி.மீ.க்கும் உள்ளே இருந்தால்தான் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அவை கிடைப்பது குதிரைக்கொம்பு.